அழைத்தால்தான் வருவார்கள்



திறமூல மென்பொருள் என்ற சொல்லை நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். ஒரு மென்பொருளின் மூலநிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பிறருக்குக் கொடுக்கலாம் என்று உரிமம் எழுதி வெளியிடுவதே அது. அதன் பெருமையை நான் இங்கே விரித்துச் சொல்லப் போவதில்லை. அந்தப் பெருமைக்குள் இருக்கும் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். சம்பளம் வாங்காதவர், முகம் தெரியாதவர், எங்கோ இருப்பவர் ஒருவர் ஒரு திட்டத்துக்குத் தன் உழைப்பைக் கொடுக்க வருகிறாரே, அவர் எப்படி வருகிறார்? ஏன் சில திட்டங்களுக்கு ஆயிரக்கணக்கானவர்கள் வருகிறார்கள்? ஏன் சில திட்டங்களில் ஒருவர் மட்டும் தனியாக உட்கார்ந்து மாய்கிறார்?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிரலைத் திறந்து வைத்தால் போதாது. ஆட்களை அழைக்க வேண்டும். உரிமம் அனுமதியைக் கொடுக்கும். ஆளைக் கொண்டுவருவது அழைப்புதான்.

நம் ஊர்களில், ஏரியை ஊரே கூடிச் சீர்செய்யும் குடிமராமத்து என்று ஒரு வழக்கம் இருந்தது. ஏரி எல்லோருக்கும் பொது. அது பொது என்பதாலேயே எல்லோரும் தாமாக மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்களா? இல்லை. எந்த நாள், எந்தக் கரை, வீட்டுக்கு எத்தனை பேர் என்று யாரோ ஒருவர் முடிவுசெய்து ஊருக்குச் சொன்னார். சொன்ன பிறகுதான் ஊர் வந்தது. பொதுச் சொத்தாக இருப்பது ஒன்று. பொது உழைப்பாக மாறுவது வேறொன்று. இடையில் ஒருவர் நின்று கூப்பிட வேண்டும்.

இதை வரலாற்றிலிருந்தே பார்ப்போம்.

1991-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 25. பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 21 வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், மினிக்ஸ் என்ற இயங்குதளத்தைப் பயன்படுத்துவோருக்கு ஒரு செய்தி எழுதினார். தாமும் ஓர் இயங்குதளம் எழுதிக்கொண்டிருப்பதாகவும், அது பொழுதுபோக்காகச் செய்வது என்றும் அதில் சொன்னார். அதோடு அவர் நிறுத்தியிருந்தால் அது வெறும் அறிவிப்பு. அவர் நிறுத்தவில்லை. மினிக்ஸில் உங்களுக்குப் பிடித்தது என்ன, பிடிக்காதது என்ன, என்னென்ன வசதிகள் வேண்டும் என்று கேட்டார். கேட்டார் என்பதுதான் இங்கே முக்கியம். பதில்கள் வந்தன. பதிலோடு திருத்தங்கள் வந்தன. நல்ல திருத்தங்களைச் சேர்த்துக்கொண்டு அடுத்த பதிப்பைச் சீக்கிரமே வெளியிட்டார். அனுப்பியவர் தன் வேலை அதில் சேர்ந்திருப்பதைக் கண்ணால் பார்த்தார். பார்த்தவர் மறுபடியும் அனுப்பினார். 1992-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் வகுத்த ஜிபிஎல் உரிமத்துக்கு, லினக்ஸ் என்று பெயர்பெற்ற அந்த இயங்குதளம் மாறியது. நான் கொடுத்த உழைப்பை யாரும் பூட்டிவைத்துக்கொள்ள முடியாது என்ற உறுதி அதனால் எல்லோருக்கும் கிடைத்தது.

இன்று உங்கள் கையிலிருக்கும் ஆண்ட்ராய்டு கைபேசியின் அடியில் ஓடுவது லினக்ஸ் கரு. உலகின் மிக வேகமான 500 மீக்கணினிகளின் பட்டியலில் உள்ள அனைத்தும் 2017 முதல் லினக்ஸில்தான் இயங்குகின்றன. இதன் தொடக்கத்தில் இருந்தது ஒரு மாணவரின் திறமை. அதோடு சேர்ந்து இருந்தது, பிறரைப் பார்த்து அவர் கேட்ட ஒரு கேள்வி.

இதற்கு நேர்மாறான கதை ஒன்றும் இருக்கிறது. நெட்ஸ்கேப் நிறுவனத்தின் கதை.

1998 மார்ச் 31. இணைய உலாவிச் சந்தையில் மைக்ரோசாஃப்டிடம் தோற்றுக்கொண்டிருந்த நெட்ஸ்கேப், தன் உலாவியின் மூலநிரலை மோசில்லா என்ற பெயரில் உலகத்துக்குத் திறந்துவிட்டது. பெரிய நிறுவனம். புகழ்பெற்ற மென்பொருள். உலகத்து நிரலாளர்கள் எல்லோரும் ஓடிவருவார்கள் என்ற எதிர்பார்ப்பு. வந்தார்களா?

ஓராண்டு கழித்து, அந்தத் திட்டத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜேமி ஜவின்ஸ்கி விலகினார். விலகும்போது வெளிப்படையாக எழுதினார்: உழைத்தவர்களில் சுமார் 100 பேர் நெட்ஸ்கேப்பின் முழுநேர ஊழியர்கள், வெளியிலிருந்து வந்தவர்கள் பகுதிநேரமாக உழைத்த 30 பேர் அளவில்தான். ஏன் அப்படி? காரணங்களையும் அவரே சொன்னார். வெளியிட்ட நிரல் முழுமையாக இயங்கும் நிலையில் இல்லை. மிகப் பெரியதாகவும் சிக்கலாகவும் இருந்தது. ஆர்வத்தோடு வந்த ஒருவர் ஒரு சிறு மாற்றத்தைச் செய்து, அதன் பலனை அன்றே கண்டு மகிழ வழியில்லை. புதிதாக வருபவருக்கு முதல் பலன் விரைவில் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் அவர் தங்கமாட்டார்.

நிரல் திறந்திருந்தது. உரிமம் இருந்தது. விளம்பரம் இருந்தது. ஆனால், வருகிறவர் கையில் எந்த வேலையைக் கொடுப்பது என்று யோசித்த அழைப்பு இல்லை.

அதே மோசில்லா பிறகு பாடம் கற்றது. 2002-இல், கனமான பழைய மென்பொருளிலிருந்து உலாவியை மட்டும் பிரித்தெடுத்து, சிறியதாக, வேகமானதாக ஒரு முயற்சியைச் சிலர் தொடங்கினார்கள். அதுதான் பின்னாளில் ஃபயர்பாக்ஸ் ஆனது. பயன்படுத்துபவர்களையே சோதிப்பவர்களாகவும், பரப்புபவர்களாகவும், மொழிபெயர்ப்பவர்களாகவும் அது சேர்த்துக்கொண்டது. 2004 நவம்பர் 9 அன்று ஃபயர்பாக்ஸ் 1.0 வெளியானது. அடுத்த மாதம் நியூயார்க் டைம்ஸ் இதழில் இரண்டு பக்க விளம்பரம். அதற்குப் பணம் கொடுத்தவர்கள் சுமார் 10,000 பேர்; அவர்கள் பெயர்களெல்லாம் அந்தப் பக்கங்களில் பொடி எழுத்தில் அச்சாயின. 1998-இல் வெளியிலிருந்து சில பத்துப் பேருக்கு மேல் திரட்ட முடியாத திட்டம், 2004-இல் பத்தாயிரம் பேரைத் தன் பக்கம் நிறுத்தியது. உரிமத்தால் மட்டும் வந்த மாற்றமா இது? அழைக்கும் முறை மாறியதால் வந்த மாற்றம்.

நண்பர்களே, அழைப்பது என்றால் என்ன? இனிமையாக நான்கு வார்த்தை எழுதிவைப்பதா? இல்லை. அழைப்பது ஓர் உழைப்பு. அந்த உழைப்பு எப்படி இருக்கும் என்பதைக் காட்ட, லிப்ரே ஆபீஸின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஜெர்மனியில் ஸ்டார்டிவிஷன் என்ற நிறுவனம் ஸ்டார் ஆபீஸ் என்ற அலுவலகத் தொகுப்பை உருவாக்கியது. 1999-இல் அமெரிக்காவின் சன் நிறுவனம் அதை வாங்கியது. 2000-ஆம் ஆண்டில் மூலநிரலைத் திறந்து ஓப்பன் ஆபீஸ் என்று வெளியிட்டது. நல்ல காரியம்தான். ஆனால், வெளியிலிருந்து நிரல் கொடுக்க வருபவர் முதலில் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுத் தன் பதிப்புரிமையில் அந்த நிறுவனத்துக்கும் பங்கு கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகும் சிரமம் தீரவில்லை. மென்பொருளைத் தன் கணினியில் தொகுத்து இயக்கிப் பார்ப்பதே பெரும்பாடு. நிரலைத் திறந்து படித்தால், உள்ளே இருக்கும் விளக்கக் குறிப்புகள் பல்லாயிரம் வரிகளுக்கு ஜெர்மன் மொழியில் இருந்தன. பிறந்த இடம் ஜெர்மனி அல்லவா? ஜெர்மன் தெரியாத நிரலாளர் அங்கே என்ன செய்வார்? பார்ப்பார், திரும்பிப் போவார்.

2010-இல் சன் நிறுவனம் ஆரக்கிள் வசம் போனது. அந்த ஆண்டு செப்டம்பர் 28 அன்று, அதில் உழைத்தவர்களில் ஒரு பகுதியினர் பிரிந்து, டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பை அறிவித்து, அதே நிரலை வைத்து லிப்ரே ஆபீஸைத் தொடங்கினார்கள். கவனியுங்கள், அதே நிரல்தான். அவர்கள் செய்த முதல் காரியங்களில் ஒன்று, பதிப்புரிமை ஒப்பந்தத்தை நீக்கியது. இன்னொன்று, எளிய வேலைகளின் பட்டியல் ஒன்றைத் தயாரித்தது. 'ஈஸி ஹேக்ஸ்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

அந்தப் பட்டியலில் என்ன இருந்தது? ஜெர்மன் குறிப்புகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பது. யாரும் பயன்படுத்தாமல் செத்துக்கிடந்த நிரல் பகுதிகளைக் கண்டுபிடித்து நீக்குவது. தொகுக்கும்போது வரும் எச்சரிக்கைகளைச் சரிசெய்வது. பெரிய அறிவு தேவைப்படாத, ஒரு மாலையில் முடிக்கக்கூடிய வேலைகள். ஒவ்வொரு வேலைக்கும் எந்தக் கோப்பைப் பார்க்க வேண்டும், என்ன தெரிந்திருக்க வேண்டும், சந்தேகம் வந்தால் யாரைக் கேட்கலாம் என்று எழுதிவைத்தார்கள்.

இதில் இருக்கும் மதிநுட்பத்தைப் பாருங்கள். அனுபவம் மிக்க ஒரு நிரலாளர் அந்தச் சிறு வேலையைத் தானே சீக்கிரம் முடித்துவிடலாம். முடிக்காமல், புதியவருக்காக எடுத்துவைக்கிறார். விளக்கம் எழுதவும், செய்துவந்ததைச் சரிபார்க்கவும் அவருக்கு ஆகும் நேரம், வேலையைச் செய்யும் நேரத்தைவிட அதிகம். அன்றைய கணக்கில் அது நஷ்டம். ஆனால், அந்தச் சிறு வேலையைச் செய்தவர் நிரலைத் தன் கணினியில் தொகுக்கக் கற்றார். திருத்தத்தை அனுப்பும் முறை கற்றார். மூத்தவர்களோடு பேசிப் பழகினார். அடுத்த முறை அவர் பெரிய வேலைக்குத் தயார். ஜெர்மன் குறிப்புகள் ஆண்டுக்கணக்கில், பலர் கைபட்டு, கொஞ்சம் கொஞ்சமாக மொழிபெயர்க்கப்பட்டன. இன்று லிப்ரே ஆபீஸ் ஆண்டுக்கு இரண்டு பெரிய பதிப்புகளை வெளியிடுகிறது. அதே மூலத்திலிருந்து 2011-இல் அப்பாச்சி அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்ட ஓப்பன் ஆபீஸோ, 2014-இல் வந்த 4.1 பதிப்புக்குப் பிறகு சிறு திருத்தங்களோடு நிற்கிறது. நிரல் ஒன்று, விளைவுகள் இரண்டு.

ஆகவே, திட்டங்களை நடத்துபவர்களுக்கு நான் நான்கு காரியங்களைச் சொல்கிறேன்.

முதல் காரியம், முதல் வேலையைத் தயாராக வைத்திருங்கள். 'என்ன வேண்டுமானாலும் செய்யலாம்' என்று சொன்னால் புதியவர் எதையும் செய்யமாட்டார். 'இந்த வழுவைத் திருத்தித் தாருங்கள்' என்று சொன்னால் செய்வார்.

இரண்டாவது காரியம், முதல் மணி நேரத்தை எளிதாக்குங்கள். மென்பொருளை இறக்கி, தொகுத்து, இயக்கிப் பார்க்கும் வழியைப் படிப்படியாக எழுதிவையுங்கள். எழுதியதைப் புதியவர் ஒருவரிடம் கொடுத்து, அவர் எங்கே தடுமாறுகிறார் என்று பாருங்கள். தடுமாறிய இடம் உங்கள் ஆவணத்தின் குறை. அவருடைய குறை இல்லை.

மூன்றாவது காரியம், பதில் சொல்லுங்கள். ஒருவர் ராத்திரி கண்விழித்து ஒரு திருத்தத்தை அனுப்பியிருக்கிறார். மாதக்கணக்கில் மௌனம் என்றால் அவர் என்ன நினைப்பார்? ஏற்கிறோம் என்று சொல்லுங்கள். ஏற்க முடியாது என்றால் காரணத்தோடு சொல்லுங்கள். இப்போது நேரமில்லை, பத்து நாள் பொறுங்கள் என்றாவது சொல்லுங்கள். மறுப்பைத் தாங்கிக்கொண்டு ஒருவர் திரும்பி வருவார். மௌனத்தைத் தாங்கிக்கொண்டு யார் திரும்பி வருவார்?

நான்காவது காரியம், பெயரைச் சொல்லுங்கள். ஸ்வீடன் நாட்டின் டேனியல் ஸ்டென்பெர்க் 1998 முதல் நடத்திவரும் கர்ல் என்ற மென்பொருள், இணையத்தில் தரவைக் கொண்டுசேர்க்கும் கருவி. கைபேசியிலும் தொலைக்காட்சியிலும் காரிலும் கண்ணுக்குத் தெரியாமல் அது இருக்கிறது. அதன் நிரலோடு நன்றிப் பட்டியல் என்று ஒரு கோப்பும் சேர்ந்தே போகிறது. அதில் 3,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள். ஒரு வழுவை எடுத்துச் சொன்னவருக்கும் அதில் இடம் உண்டு. இன்னொன்று கேளுங்கள். 2021 ஏப்ரல் 19 அன்று, செவ்வாய் கிரகத்தில் இன்ஜெனுவிட்டி என்ற சிறு ஹெலிகாப்டர் பறந்தது. அதன் மென்பொருளில் திறமூல நிரல்கள் பல இருந்தன. அந்த நிரல்களுக்குப் பங்களித்த ஏறக்குறைய 12,000 பேரின் கணக்குகளில், நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப் ஒரு பதக்கக் குறியைச் சேர்த்தது. தாங்கள் என்றோ செய்த ஒரு திருத்தம் இன்னொரு கிரகத்தில் பறந்திருக்கிறது என்று அவர்களில் பலருக்கு அப்போதுதான் தெரிந்தது! அந்த மகிழ்ச்சிக்கு என்ன சம்பளம் ஈடாகும்?

இங்கே சிலர் மனத்தில் ஒரு தயக்கம் இருக்கும். 'எனக்கு நிரல் எழுத வராது. எனக்கு இதில் என்ன இடம்?' என்று. உங்களுக்காகவே அடுத்த எடுத்துக்காட்டு.

ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்று இரண்டு இளைஞர்கள். இருவரும் பார்வையற்றவர்கள். கணினித் திரையில் இருப்பதைப் படித்துக்காட்டும் மென்பொருள்கள் அப்போது மிக அதிக விலையில் விற்றன. பார்வையுள்ளவருக்குக் கணினி வாங்கினாலே போதும். பார்வையற்றவர் மட்டும் அதற்கு மேல் ஏன் அவ்வளவு பணம் கொடுக்க வேண்டும்? இந்த நியாயத்திலிருந்து 2006-இல் பிறந்தது என்விடிஏ என்ற திறமூலத் திரைபடிப்பான். இன்று அது 50-க்கும் மேற்பட்ட மொழிகளில் கிடைக்கிறது. அவற்றில் தமிழும் ஒன்று. அந்த மொழிபெயர்ப்புகளைச் செய்தவர்கள் தன்னார்வலர்கள். நிரல் எழுதாமல், சொற்களைத் தேர்ந்து எழுதிக் கொடுத்தவர்கள். பார்வையற்ற ஒரு தமிழ் மாணவர் கணினியைத் தன் மொழியில் பயன்படுத்த முடிகிறதென்றால், அந்த உழைப்புக்கு அதில் பங்கு உண்டு.

லினக்ஸின் அடையாளமான பென்குயினை 1996-இல் வரைந்து கொடுத்தவர் லாரி யூயிங். அது ஓவியரின் பங்களிப்பு. கையேடு எழுதுவது பங்களிப்பு. வழுவைக் கண்டு, எப்படி நேர்ந்தது என்று தெளிவாக எழுதி அனுப்புவது பங்களிப்பு. புதியவரின் கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொல்வதும் பங்களிப்புதான்.

அழைக்காவிட்டால் வரமாட்டார்கள் என்பதற்கு இன்னொரு சான்று. 2006-இல் க்னோம் என்ற திறமூலத் திட்டத்துக்குக் கூகுளின் கோடைக்காலப் பயிற்சி வழியாக 181 விண்ணப்பங்கள் வந்தன. அவற்றில் ஒன்றுகூடப் பெண்ணிடமிருந்து வரவில்லை. ஆர்வமில்லை போலும் என்று அவர்கள் இருந்துவிடவில்லை. பெண்களுக்கென்றே ஒரு கோடைக்காலத் திட்டத்தை அந்த ஆண்டே அறிவித்தார்கள். விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. ஆர்வம் இருந்தது, தங்களையும் கூப்பிடுகிறார்கள் என்ற செய்திதான் போய்ச் சேரவில்லை. அந்த முயற்சி வளர்ந்து, இன்று அவுட்ரீச்சி என்ற பெயரில் உலகம் முழுவதும் நடக்கிறது.

இனி, எதிர்த்தரப்பின் கேள்வியையும் எடுத்துக்கொள்ள வேண்டும். முகம் தெரியாதவர்களை அழைத்தால் ஆபத்து வராதா? வரும். 2024-இல் வந்தது. எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவியை ஒருவர் ஏறக்குறையத் தனியாகவே பராமரித்துவந்தார். ஒரு புனைபெயரில் வந்த ஆசாமி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நல்ல திருத்தங்களாக அனுப்பி, சோர்ந்திருந்த அந்தப் பராமரிப்பாளரின் நம்பிக்கையைப் பெற்று, பொறுப்பையும் பெற்று, இறுதியில் ஒரு ரகசியப் புறவழியை உள்ளே வைத்தார். உலகத்துச் சேவையகங்கள் பலவற்றுக்குள் நுழையக்கூடிய வழி அது.

அதைக் கண்டுபிடித்தது யார்? ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற நிரலாளர். எக்ஸ்இசட் திட்டத்துக்கு அவரும் வெளியாள்தான். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாகிறதே என்று சந்தேகப்பட்டு, தோண்டித் துருவி, மார்ச் 29 அன்று உலகத்துக்குச் சொன்னார். கெடுதல் செய்தவர் வெளியாள், காப்பாற்றியவரும் வெளியாள். அப்படியானால் ஆபத்தின் வேர் எங்கே? துணைக்கு ஆளில்லாமல் ஒருவர் தனித்து விடப்பட்டதில்தான். 2014 ஏப்ரலில், ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற இணையப் பாதுகாப்பு மென்பொருளில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளிப்பட்டபோதும் இதுதான் நிலை. உலகத்து வங்கிகளும் கடைகளும் நம்பியிருந்த அந்தத் திட்டத்துக்கு அப்போது முழுநேரமாக உழைத்தவர் ஒருவர். ஆண்டு நன்கொடை சுமார் 2,000 டாலர். கோடிகளில் புரளும் நிறுவனங்கள் எடுத்துக்கொண்டன, திருப்பிக் கொடுக்கவில்லை.

ஆகவே அழையுங்கள், சரிபார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள், பொறுப்பைப் பலரிடம் பகிருங்கள். எண்ணிக்கைக்காக மட்டும் அழைக்காதீர்கள். ஹாக்டோபர்ஃபெஸ்ட் என்ற ஆண்டு நிகழ்ச்சியில் நான்கு திருத்தங்கள் அனுப்பினால் ஒரு சட்டை பரிசு என்று இருந்தது. 2020-இல் என்ன நடந்தது? சட்டைக்காக ஒன்றுக்கும் உதவாத திருத்தங்கள் வெள்ளமாகக் குவிந்தன. பராமரிப்பாளர்கள் திணறிப்போனார்கள். விருப்பம் தெரிவித்த திட்டங்களுக்கு மட்டும் என்று நடுவிலேயே விதியை மாற்ற வேண்டியிருந்தது. பரிசைக் காட்டி அழைத்தால் பரிசுக்கு வருவார்கள். வேலையைக் காட்டி அழைத்தால் வேலைக்கு வருவார்கள்.

மாணவ மாணவியரே, இப்போது உங்களிடம் வருகிறேன். நீங்கள் நாள்தோறும் பயன்படுத்தும் ஒரு திறமூல மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பங்களிப்பு வழிகாட்டியை முழுவதும் படியுங்கள். ஒரே ஒரு வழுவை உங்கள் கணினியில் மீண்டும் நிகழ்த்திப் பார்த்து, தெளிவாக எழுதி அனுப்புங்கள். சான்றிதழுக்காக, வேலை விண்ணப்பத்தில் ஒரு வரிக்காக மட்டும் செய்யாதீர்கள். அடுத்தவர் நேரத்தை மதித்துச் செய்யுங்கள். தமிழில் செய்யவேண்டியது மலைபோல் இருக்கிறது. இடைமுகங்கள், கையேடுகள், சொற்பிழை திருத்திகள், பேச்சொலி என்று எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். நமக்கு முன்னே சிலர் சம்பளமில்லாமல் இந்த வேலையைத் தொடங்கிவைத்திருக்கிறார்கள்.

ஆசிரியப் பெருமக்களே, இறுதியாண்டுத் திட்டம் என்று மாணவர்கள் செய்துவிட்டு மூலையில் போடும் வேலைக்குப் பதிலாக, உலகம் பயன்படுத்தும் ஒரு மென்பொருளில் ஒரு வழுவையாவது திருத்தவையுங்கள். நிறுவனங்களை நடத்தும் நண்பர்களே, நீங்கள் பிழைப்பது இந்தப் பொதுநிரலின் மேல். உங்கள் ஊழியர்களுக்கு வாரத்தில் சில மணி நேரத்தை அதற்கென்று ஒதுக்கிக் கொடுங்கள். பராமரிப்பவர்களுக்குப் பணமும் கொடுங்கள்.

திட்டங்களை நடத்துபவர்களே, நிரலைத் திறந்து வைத்ததோடு கடமை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். இன்றிரவே உங்கள் திட்டத்தில் ஒரு சிறு வேலையைத் தேர்ந்தெடுங்கள். அதைச் செய்துமுடிக்காதீர்கள். எப்படிச் செய்வது என்று எழுதி, உங்களுக்குத் தெரியாத ஒருவருக்காக வையுங்கள். அவர் வந்து கேட்டால் அன்றே பதில் சொல்லுங்கள். அழைத்தால் வருவார்கள், அழையுங்கள்.